சர்க்கரைக்குப் புது மாத்திரை: நோயாளிகளும் டாக்டர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். வருபவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. சந்தைக்கு வந்த கையோடு மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டுப் போகும் தோட்டக்காரர்கள், பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், தறிக்குடோன்காரர்கள் எல்லோரும் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பொழுதோடு போன் செய்யும் டாக்டர் நண்பர்களுடைய கேள்விகளும் அதற்குத் தொட்டடுத்தவைதான். எனவே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை மாற்ற வேண்டாம். உங்கள் டாக்டரிடம் என்ன பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

புது மாத்திரை, புது மாத்திரைங்கறாங்களே, எதுங்க சார் அது?

மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, பயோகிளிட்டசோன் எல்லாம் பழைய கூட்டம். புதிதாக வந்தவை மூன்று குடும்பம். அட்டையைத் திருப்பிப் பெயரின் வால் என்ன என்று பாருங்கள். ‘கிளிப்டின்’ என்று முடிந்தால் (சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், லினாகிளிப்டின்) அது சாப்பிட்ட பிறகு உடம்பே இன்சுலின் சுரக்க உதவுவது. ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிந்தால் (டாபா, எம்பா என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது) அது சிறுநீரகத்தில் வேலை செய்து சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுவது. மூன்றாவது ஜிஎல்பி-1 வகை. லிராகுளுடைடு, டுலாகுளுடைடு, செமாகுளுடைடு எல்லாம் இதில் வரும். பெரும்பாலும் ஊசி. பசியைக் குறைக்கும், எடையையும் குறைக்கும்.

நம் ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். ‘ஒரு மாத்திரைதானுங்க போடறேன்’ என்பவர் உண்மையில் மூன்று மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதனால் வேறு டாக்டரிடம் போனால் அட்டையையே எடுத்துப் போங்கள். ‘வெள்ளையா, நீளமா இருக்கும்’ என்றால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இருபது வருசமா பாக்கற டாக்டர், அதே ரெண்டு மாத்திரையவே எழுதறாரு. அவருக்குப் புதுசு தெரியாதுங்களா?

தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தே எழுதாமலும் இருக்கலாம். நானே இரண்டு நிலையிலும் இருந்திருக்கிறேன். உலகில் முதல் கிளிஃப்ளோசின் விற்பனைக்கு வந்ததே 2012-ல்தான். அதற்கு முன் படித்து முடித்தவர்கள் இதைக் கல்லூரியில் படித்திருக்க வாய்ப்பே இல்லை. பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் மாநாடுகளிலும், மதியம் வந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போகும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியிடமும்தான். காலையில் எண்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தொடாமல் விடுவதே சுலபம்.

தெரிந்தே தயங்குவதற்கும் காரணம் உண்டு. 2000-களில் ரோசிகிளிட்டசோன்தான் புது மாத்திரை. நிறையப்பேருக்கு எழுதினோம். அது மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற சந்தேகம் 2007-ல் கிளம்பியது, 2010-ல் இந்தியாவில் தடை செய்தார்கள். 2013-ல் பயோகிளிட்டசோனை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாளிலேயே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். அந்தச் சமயத்தில் நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சீட்டை மாற்றி எழுதிய டாக்டருக்குப் புதுசு என்றாலே ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதே சம்பவத்தால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் ஒரு விதி போட்டது: இனி வரும் சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று காட்ட வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான நோயாளிகளை வருடக்கணக்கில் கவனித்துச் சோதித்த மருந்துகள்தான் இன்றைய புது மருந்துகள். நாங்கள் காலங்காலமாக எழுதும் பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு இந்த அளவுக்குச் சோதனை நடக்கவில்லை.

விலை கட்டுபடியாகுங்களா? போன தடவ ஒருத்தர் எழுதிக்குடுத்தது மாசம் ரெண்டாயிரம் ஆச்சுங்க.

அந்தப் போன தடவை எப்போது என்பதுதான் கேள்வி. வில்டாகிளிப்டினுக்குக் காப்புரிமை 2019 கடைசியில் முடிந்தது, டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-ல், சிடாகிளிப்டினுக்கு 2022-ல், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில். ஒவ்வொன்று முடிந்ததும் பத்துப் பதினைந்து கம்பெனிகள் இறங்கின, விலை சரிந்தது. எம்பா ஒரு மாத்திரை அறுபது ரூபாய் வாக்கில் விற்றது. இப்போது பத்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. மக்கள் மருந்தகத்தில் கேட்டுப்பாருங்கள், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

இதில் டாக்டர்கள் பக்கமும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒரு மருந்தின் விலையை நாங்கள் முதலில் கேட்டபோது என்னவோ, அதுவே மனதில் தங்கிவிடுகிறது. ‘இவருக்குக் கட்டாது’ என்று நோயாளியைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறோம். உங்களால் மாதம் எவ்வளவு முடியும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நாங்களும் மெடிக்கலுக்கு ஒரு போன் போட்டு இன்றைய விலையைக் கேட்டுவிட்டு எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும்.

என்ற ஏ1சி 6.9 தானுங்க இருக்குது. நல்லா கண்ட்ரோல்ல இருக்கறப்ப எதுக்கு மாத்தோணும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. நோயாளிகள் மட்டுமல்ல, டாக்டர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. அது ஏழுக்குள் இருந்தால் வேலை முடிந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய வழிகாட்டுதல்கள் வேறு கேள்வியை முதலில் கேட்கச் சொல்கின்றன: இவருக்கு மாரடைப்பு வந்திருக்கிறதா, ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, எக்கோவில் இதயம் பலவீனமா, சிறுநீரில் புரதம் போகிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றால், ஏ1சி எவ்வளவாக இருந்தாலும் கிளிஃ‌ப்ளோசினையோ ஜிஎல்பி-1-ஐயோ யோசிக்க வேண்டும். அங்கே அந்த மருந்து இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்தான். சர்க்கரை குறைவது கூடக் கிடைக்கும் பலன்.

2015-ல் வெளியான எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் ஏற்கெனவே இதய நோயுள்ள ஏழாயிரம் சர்க்கரை நோயாளிகளைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 59 பேர் இதய, ரத்தக்குழாய்க் கோளாறில் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 37 பேர். 2019-லும் 2020-லும் டாபாவை வைத்து நடந்த ஆய்வுகளில் சர்க்கரையே இல்லாத இதயப் பலவீனக்காரர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும்கூடப் பலன் தெரிந்தது.

2017-ல் பைபாஸ் செய்துகொண்ட ஒரு தறிக்காரர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஏ1சி 7.1. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். அந்த 2015 ஆய்வை நான் படித்திருந்தேன். ஆனாலும், வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்தது நம் ஆட்களுக்குப் பொருந்துமோ என்னவோ, சர்க்கரைதான் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடத்தில் இரண்டு தடவை நுரையீரலில் நீர் கோர்த்து, நடுச்சாமத்தில் கோயமுத்தூருக்கு ஓடினார்கள். இரண்டாம் தடவை அங்கிருந்த இதய மருத்துவர்தான் டாபா எழுதினார். முன்னாலேயே எழுதியிருந்தால் தடுத்திருக்கலாமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எழுதாமல் இருக்க என்னிடம் நியாயமான காரணம் இல்லை. அவர் மனைவி, ‘நீங்க சொன்ன மாத்திரையெல்லாம் ஒரு நாள் தவறாம குடுத்தேனுங்க’ என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அப்ப எல்லாருமே மாத்திக்கலாமுங்களா?

இல்லை. இதயம், சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருந்து, பழைய மாத்திரையில் சர்க்கரையும் அடங்கி, தாழ்சர்க்கரையும் வராதவர் அப்படியே தொடரலாம். மெட்ஃபார்மின் இன்றும் நல்ல மருந்து. கிளிமிபிரைடையும் சிலர் விஷம் போலப் பேசுகிறார்கள், அது தவறு. 2019-ல் லினாகிளிப்டினையும் கிளிமிபிரைடையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது இதயப் பாதிப்பில் வித்தியாசம் இல்லை. தாழ்சர்க்கரை மட்டும் கிளிமிபிரைடில் அதிகம்.

அந்தத் தாழ்சர்க்கரையையும் லேசாக எடுக்கக் கூடாது. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் அப்புச்சி, அமுச்சிகள் இங்கே நிறைய. மதியச் சோற்றைத் தள்ளிப்போட்டு வேலையாக நின்று மயங்கி விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. அவர்களுக்குத்தான் கிளிப்டின் போன்றவை உதவும். கிளிப்டின் இதயத்தைக் காக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். அதில் சாக்ஸாகிளிப்டின் என்பது 2013 ஆய்வில் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதைக் கூட்டவே செய்தது.

மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள்ல பாத்ரூம்ல எறும்பு மொய்க்குதுங்க சார். லேப்ல யூரின் சுகர் நாலு பிளஸ்ஸுங்கறாங்க. நோய் முத்திப்போச்சுங்களா?

முத்தவில்லை. மருந்து வேலை செய்கிறது. கிளிஃப்ளோசின் சாப்பிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் சர்க்கரை சிறுநீரில் போகும், எறும்பு வரத்தான் செய்யும். இந்த மாத்திரை சாப்பிடும் வரை சிறுநீர்ச் சர்க்கரைச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ரத்தச் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும்.

இதை எழுதியே ஆக வேண்டும் என்று என்னை உட்கார வைத்தது ஓர் அம்மாள் கொண்டுவந்த சீட்டு. எட்டாக மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். நாலு கூட்டல் குறியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். இரவில் பார்த்த ஒரு டாக்டர் அந்த வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு கிளிமிபிரைடை இரட்டிப்பாக்கியிருக்கிறார். என் அறைக்குள் வரும்போது நெற்றியெல்லாம் வியர்வை. விரலில் குத்திப் பார்த்தால் 52. டாபா தொடங்கியபோது அது என்ன செய்யும் என்று யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்துப் பார்த்த டாக்டரும் அட்டையைக் கேட்கவில்லை.

சொல்லவே கூச்சமா இருக்குதுங்க... அந்த எடத்துல அரிப்புங்க.

கூச்சப்பட வேண்டாம் அம்மிணி. முன் கேள்வியில் சொன்ன அதே சர்க்கரையால் பிறப்புறுப்பில் பூஞ்சை வருகிறது. இந்த மருந்தில் அதிகம் வரும் பக்கவிளைவு இதுதான். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும். பெரும்பாலும் சில நாள் பூஞ்சை மருந்திலேயே சரியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டால் வருவதும் குறையும். அந்தப் பகுதியில் கடுமையான வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் மட்டும் காத்திருக்காமல் ஓட வேண்டும். அரிதானது, ஆனால் ஆபத்தானது.

ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசி மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு, ‘ஒத்துக்கலீங்க’ என்று மட்டும் சொல்பவர்கள் அதிகம். நாங்கள் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இப்படி ஆகாது. ஒரே ஒரு நோயாளிக்கு அரிப்பு வந்ததும் ‘எனக்கு அந்த மருந்தே சரிப்படாது’ என்று எல்லோருக்கும் எழுதுவதை விட்டுவிட்ட டாக்டர்களையும் எனக்குத் தெரியும்.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கறனுங்க. மாத்திரை போட்டுட்டே போலாமுங்களா?

கேட்டுவிட்டுப் போகிறீர்களே, அதுவே பெரிது. கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துப் பங்குனி வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் உண்டு. கிளிஃப்ளோசின் சிறுநீரைக் கூட்டி உடம்பில் நீர் வற்ற வைக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் சேர்ந்தால் தலை சுற்றும். விரதமும் இருந்து நடப்பதானால் புறப்படும் முன் டாக்டரிடம் பேசி, அந்த நாட்களுக்கு நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள். காலில் ஏற்கெனவே புண்ணோ மரத்துப்போன உணர்வோ இருந்தால் வெறுங்கால் நடை வேண்டவே வேண்டாம். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அதுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சாப்பிட முடியாமல், வாந்தி பேதியாகிக் கிடக்கும்போது இந்த மாத்திரையைத் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். சாதாரணமாக இந்தக் கோளாறு சர்க்கரை 400, 500 என்று ஏறும்போது வரும். இந்த மாத்திரையில் 180, 200-லேயே வரும். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்கல் என்று வந்தவரை ‘சுகர் நல்லாத்தானே இருக்கு’ என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினால் உயிர் போகலாம். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மருந்துப் பெயர் கிளிஃப்ளோசின் என்றால் கீட்டோன் பாருங்கள்.

காய்ச்சல், வாந்தி நாட்களில் இதை நிறுத்துங்கள், நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு டாக்டரைக் கேட்டுத் தொடருங்கள். இன்சுலின் போடுபவர் இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பேலியோ என்று சோற்றை அடியோடு விட்டுவிட்டுக் கறியும் முட்டையுமாகச் சாப்பிடத் தொடங்குபவர்களும் சொல்லாமல் தொடங்கக் கூடாது. அந்தச் சாப்பாடும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் அதே கீட்டோன் ஆபத்து.

ஹார்ட் டாக்டர் எழுதுனத நம்மூரு டாக்டர் நிறுத்திட்டாருங்க. யார் பேச்சக் கேக்கறது?

ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். அரிப்பு, நீர் வற்றல், காய்ச்சல் போன்ற காரணம் இருக்கலாம். ‘சுகர்தான் நல்லா இருக்குதே’ என்பது மட்டுமே காரணம் என்றால், ஏ1சி கேள்வியில் சொன்ன அதே தடுக்கல்தான். இதில் நான் அடிக்கடி பார்ப்பது இது: இதய மருத்துவர் ‘சர்க்கரை மருந்தை நாம் ஏன் தொட வேண்டும்’ என்று விடுகிறார். சிறுநீரக மருத்துவர், சர்க்கரை மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்கிறார். ஊர் டாக்டர், பெரிய டாக்டர் எழுதாததை நாம் எப்படி எழுதுவது என்று தயங்குகிறார். மூன்று பேருக்கும் மருந்து தெரியும், நோயாளிக்கு மட்டும் கிடைப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘இதயத்துக்காக, நிறுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பும்படி கேளுங்கள். அந்த ஒரு வரி போதும்.

வாரம் ஒரு ஊசி போட்டா பத்துப் பதினஞ்சு கிலோ குறையுதாமா? புள்ள கல்யாணத்துக்குள்ள குறைக்கோணும், மெடிக்கல்லயே வாங்கிக்கலாமுங்களா?

வாங்கக் கூடாது. செமாகுளுடைடும், 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடும் நல்ல மருந்துகள். உடல் பருமனோடு சர்க்கரையும் இதய நோயும் இருப்பவருக்கு வாழ்க்கையை மாற்றக் கூடியவை. ஆனால் குறைந்த அளவில் தொடங்கி மாதக்கணக்கில் ஏற்ற வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரும், பித்தப்பைக் கல் வரலாம். கணையம் வீங்கிய வரலாறோ, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோயோ இருந்தால் ஆகாது. வெகுநாள் சர்க்கரைக்காரர் முதலில் கண் விழித்திரையைக் காட்ட வேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்கும்போது ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும்.

விலையும் யோசிக்க வேண்டும். டிர்செபடைடு வந்தபோது ஆரம்ப அளவே ஒரு ஊசி 3,500 ரூபாய், மாதம் நாலு ஊசி. செமாகுளுடைடுக்கு இங்கே காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், அதன் விலையை விசாரிக்கும்போது பழைய கணக்கை வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.

(ஒரு டாக்டர் நண்பர்) டாபா ஆரம்பிச்சு மூணு வாரத்துல கிரியேட்டினின் 1.3-ல இருந்து 1.5 ஆயிருச்சு. கிட்னிக்குப் பயந்து நிறுத்திட்டேன். சரிதானே?

சரியில்லை. தொடக்கத்தில் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் கொஞ்சம் இறங்கி, அதனால் கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததுதான். வடிகட்டிக்குள் இருக்கும் அதிக அழுத்தத்தை மருந்து குறைப்பதால் வருவது அது. அதே காரணத்தால்தான் வருடங்கள் போகப்போகச் சிறுநீரகம் தாங்குகிறது. வடிகட்டும் வேகத்தில் வந்த இறக்கம் 30 சதவீதத்துக்குள் இருந்தால், நோயாளி நீர் வற்றாமல் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். அதற்கு மேல் போனால் காரணம் தேடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு ராமிபிரில் தொடங்கும்போது இதே ஏற்றத்தைப் பார்த்துப் பழகிய நாம், இங்கே மட்டும் பயப்படுகிறோம்.

தொடங்கும் முன் கிரியேட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் (புரதம் போகிறதா என்று காட்டும் சோதனை) பாருங்கள். வருடம் ஒருமுறை பார்க்க வேண்டிய இந்தச் சோதனை விட்டுப்போவதால்தான் யாருக்கு இந்த மருந்து தேவை என்பதே தெரியாமல் போகிறது. 30-ஐத் தாண்டினால் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

(இன்னொருவர்) இருக்கற மருந்தோட சேர்த்து எழுதினாப் போதும்தானே?

பலர் தவறுவது இதில்தான். கிளிமிபிரைடோ இன்சுலினோ இருக்கும்போது புது மருந்தைச் சேர்த்தால் தாழ்சர்க்கரை வரலாம். சர்க்கரை ஏற்கெனவே அடங்கியிருந்தால் பழையதன் அளவைக் குறையுங்கள். ஜிஎல்பி-1 ஊசி தொடங்கினால் கிளிப்டினை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை, சேர்த்தால் செலவுதான் கூடும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் கிளிஃப்ளோசின் வேண்டாம்.

டாக்டருங்க கமிசனுக்குத்தான் புது மாத்திரை எழுதறாங்கன்னு சொல்றாங்களே?

அப்படி நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பரிசும் சுற்றுலாவும் தரக் கூடாது என்று 2024-ல் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்ததே அது இருந்ததால்தான். ஆனால் காப்புரிமை முடிந்த டாபாவும் சிடாகிளிப்டினும் இன்று மலிவு மருந்துகள். நம்பிக்கை இல்லையென்றால் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிங்க கேக்கறது? கோவிச்சுக்குவாரே.

‘எனக்கு அந்தப் புது மாத்திரை எழுதுங்க’ என்று ஆரம்பித்தால் எனக்கே சுருக்கென்று இருக்கும். ‘எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க, இதுக்குன்னு சுகர் மாத்திரை எதாச்சும் இருக்குதுங்களா?’ என்று கேளுங்கள். அல்லது ‘கிட்னிக்கு யூரின் டெஸ்ட் பாத்து ஒரு வருசமாச்சுங்க, இப்பப் பாக்கலாமுங்களா?’ என்று கேளுங்கள். இதற்குக் கோபப்படும் டாக்டர் அரிது. சனி, திங்கள் கூட்டத்தில் வேண்டாம், நடுவாரத்தில் ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். பழைய எக்கோ, டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை அட்டை மூன்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ‘உங்களுக்கு வேண்டாம்’ என்று சொன்னால் ஏன் என்று கேட்டு, அந்தக் காரணத்தைச் சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.